நான் சுத்தம் பண்ணின வாய்க்கால்

பொய் என்று நீ சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்மையைக் கொஞ்சம் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான், மடித்து வைத்ததை எல்லாம் பொய் என்று பெயர் வைத்தால் உன் அம்மாவின் அலமாரியில் இருக்கிற புடவை எல்லாம் பொய்தான். நீ என்னடாவென்றால் புதன்கிழமை போனில் "அப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்மாகிட்ட நீங்களா சொல்லிடுங்க, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்று கெடு வைத்துவிட்டு, நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். பெற்ற அப்பனுக்குக் கெடு வைக்கிற துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். உன் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கெடு வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற வம்சம்.

சரி, சண்டை அப்புறம், முறையைச் செய்துவிடுகிறேன். அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது, இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி நாலாவது பக்கத்தில் வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி, முடிந்தால் இதைவிட நன்றாக, இருக்க வேண்டும். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. முப்பத்தோரு வருஷம் ஆள் உயர வால்வுகளைத் திருப்பினவன் வீட்டில் ஒரு குழாய் ஒழுகுவது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது, நானே சரிபண்ணப் போய் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடுவதை இன்னும் நிறுத்தவில்லை, எத்தனை படம்தான் மாட்டுவார் என்று தெரியவில்லை. உன் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு முதலில் என் முகத்தைப் பார்த்தாள், உடனே கழற்றி வைத்துவிட்டாள்.

நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம், உனக்குத் தெரியும். அவள் குறட்டை விடுகிறாள் என்று நான் உனக்கு எழுதி, நீ அவளையே கூப்பிட்டு விசாரித்தாயே, அன்றிலிருந்து அமலில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கும் அதே சட்டம்தான். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முகத்துக்கு நேரே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் இருக்கிறது. உனக்கு இந்தக் கதையில் பாதி தெரியும், அவளுக்கு வேறு பாதி தெரியும், இரண்டையும் சேர்த்தால்கூட முழுசாக வராது, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன், எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, விஷயத்தைப் பார்த்துச் சிரி.

நான் வேலை பார்த்த பிளான்டில் ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம் உள்ளே வரும், இன்னொரு பக்கம் சுத்தமாகி வெளியே போகும், வாய்க்கால் வழியாக நானூறு காலடி தூரம் நடந்து சதுப்பில் போய் விழும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகிற தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அதற்குப் பின்னால் அன்றைய செய்தித்தாளை வைத்துப் பார்ப்போம். எழுத்து தெரிந்தால் தண்ணீர் தேறிவிட்டது, தெரியாவிட்டால் எங்கேயோ கோளாறு. நான் அந்த பாட்டில் வழியாகத்தான் முப்பத்தோரு வருஷமும் பேப்பர் படித்தேன், அரசாங்கங்கள் மாறியது, விலைவாசி ஏறியது, எல்லாமே எனக்குக் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். வேலை முடிந்து வரும்போது உன் மாமாவின் படகைத் தாண்டித்தான் வர வேண்டும், ஒவ்வொரு நாளும் நின்று, "மச்சான், இன்னிக்கு உனக்கு விட்ட தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, குடிச்சுப் பாக்குறியா" என்று கேட்பேன். அவன் வலையை உதறிக்கொண்டே, "நீ முதல்ல குடி, உயிரோட இருந்தா நான் யோசிக்கிறேன்" என்பான். அதில்தான் எனக்குக் கண்ணாடித் தண்ணி என்று பட்டப்பெயர் வந்தது. அதைக் கிண்டல் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன், வேறு பதவி உயர்வு ஒன்றும் வராததால்.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எனக்கு வாய்க்கால் பைத்தியம் போகவில்லை. அந்த நானூறு காலடி முழுக்கக் கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும், நடுவில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, சேற்றில் புகுந்து புகுந்து ஊர்ந்து போகும். எனக்கு அது கண்ணை உறுத்தியது. உள்ளே அவ்வளவு பாடுபட்டுக் குளிப்பாட்டி அனுப்புகிற தண்ணீரை இப்படிப் புதரிலும் சேற்றிலும் இழுத்துக்கொண்டு போகிறோமே, குளித்துவிட்டு வந்த பிள்ளையைக் குப்பைமேட்டு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி என்று தோன்றியது. புதிதாக வந்திருக்கிற பொறியாளர் தம்பியிடம் போய், "ரெண்டு ஆள் குடுங்க, எட்டு நாள் குடுங்க, வாய்க்காலை மணமேடை மாதிரி ஆக்கிக் காட்டுறேன்" என்றேன். அவருக்கு என் அனுபவத்தின் மேல் ஒரு மரியாதை. பாவம், ஊருக்குப் புதுசு.

உன் அம்மாவிடம் அப்போது நான் என்ன சொன்னேன் என்றால், புது வால்வுக்காரனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டுகிற வேலை என்று சொன்னேன். என் இடுப்பைப் பார்த்த டாக்டர் குனியவே கூடாது என்று சொல்லியிருந்தார், செருப்பை மாட்டவே குனியாதே என்று உன் அம்மா எனக்கு வாரில்லாத செருப்பாக வாங்கி வைத்திருந்தாள். நான் எட்டு நாளும் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போய், முழங்கால் சேற்றில் நின்று, குனிந்து குனிந்து அறுத்து, வேரோடு தோண்டி, பிளான்ட் குழாயில் குளித்து, வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். "உக்காந்தே இருந்தா உங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு, முகத்துல களை வந்திருக்கு" என்று உன் அம்மா சொன்னாள். எட்டாம் நாள் சாயங்காலம் வாய்க்கால் கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் சரசரவென்று ஓடியது, அடியில் கிடக்கிற கல்லெல்லாம் எண்ணலாம். கடைசியில் இடது பக்கம் பிரிகிற பழைய கிளை மட்டும் பாக்கி. ஒன்பதாவது நாள் அதையும் முடித்துவிடலாம் என்றிருந்தேன், காலையில் எழுந்தால் இடுப்பு கதவு மாதிரிப் பூட்டிக்கொண்டது. என் இடுப்பு என் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முந்தின சாயங்காலமே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெட்டின வாய்க்காலோரம் நின்று ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், அம்மாவிடம் காட்டாதே என்று கீழே எழுதினேன். குற்றவாளியே தன் படத்தைப் போலீசுக்கு அனுப்பி வைத்த மாதிரி.

மூன்று வாரத்தில், சதுப்பில் வாய்க்கால் போய் விழுகிற மடு பச்சையாகிவிட்டது, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த பச்சை. உன் மாமா மீன் கூடு வைப்பதும் வலை போடுவதும் அந்த மடுவில்தான், அனுமதிச் சீட்டு அந்த இடத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், வேறு இடம் அவனுக்குக் கிடையாது. ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலை மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. அவன் ஒரு வாளி நிறையச் செத்த மீனை அள்ளிக்கொண்டு நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்து டங்கென்று வைத்தான். "கோரையை வெட்டுனது நீதானே, எல்லாரும் சொல்றாங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தேன். "வாய்க்காலை ஆபீஸ்காரங்க சுத்தம் பண்ணினாங்க, எனக்கென்ன தெரியும், தண்ணி கண்ணாடி மாதிரிதான் போகுது, வெயிலுக்குச் செத்திருக்கும்" என்றேன். அதோடு விட்டிருந்தால்கூட மச்சானுக்கும் மச்சானுக்கும் தகராறு என்று போயிருக்கும். உன் அம்மா ஈரக்கையோடு வெளியே வந்துவிட்டாள். "எட்டு நாளும் நாற்காலியில உக்காந்து புது ஆளுக்குப் பாடம் சொன்ன மனுஷன்டா இவரு, குனிஞ்சு ஒரு தட்டைக்கூட எடுக்க முடியாதவரு மேல பழி போடுறியா, யாரோ சொன்னா நம்பிடுவியா" என்று தன் கூடப்பிறந்த தம்பியைப் பிடித்துக் கிழித்தாள். "மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இந்த வாசப்படி ஏறாதே" என்று சொல்லிவிட்டு அந்த வாளியைக் காலால் தள்ளினாள். மீனெல்லாம் படியில் கொட்டியது. அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் இடுப்பு குனியாது என்று என் பெண்டாட்டி இப்போதுதான் ஊருக்கே சொல்லியிருக்கிறாள், குனிந்து உதவி பண்ணினால் மாட்டிக்கொள்வேன் என்று நின்றேன். நான் செய்ததிலேயே மட்டமானது எது என்று நீ கேட்டால், கோரையை வெட்டினது இல்லை, இதுதான்.

அதன் பிறகு ஐந்து வாரமாக அக்காவும் தம்பியும் பேசவில்லை. உன் மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். போன வாரம் காய் வாங்கப் போன இடத்தில் அவன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறான், இவள் தெருவைத் தாண்டி அந்தப் பக்கமாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையை மேஜையில் வைத்துவிட்டு என்னிடம், "உங்களுக்காகத்தான்" என்றாள். நான் பையிலிருந்து வெங்காயத்தை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தேன், எதற்கு எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்து அவன் நம்பரைத் தேடுகிறாள், அமுக்குகிறாள், மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிடுகிறாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நாலு நாளில் ஆறு தடவை. நீ கெடு வைக்காவிட்டாலும் ஏழாவது தடவையை என்னால் பார்த்திருக்க முடியாது, இதை நீ நம்பினால் நம்பு.

இதற்கு நடுவில் தண்ணீர் சோதிக்க ஒரு பெண் வந்தது, உன்னைவிடச் சின்னவள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் குட்டிக் குட்டிப் புட்டிகள். நான் விடுவேனா, பாட்டிலையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் தலைப்புச் செய்தியை உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாக முழுச் செய்தியையும் கேட்டுவிட்டு, "தாத்தா, ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கினாலும் இந்தப் பேப்பரை இப்படியே படிக்கலாம், உப்பு இல்லேன்னு சொல்லிடுவீங்களா" என்றாள். நான் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவளே சொன்னாள், எங்கள் பிளான்ட் கசடை எடுக்கிறதாம், கெட்ட வாடையை எடுக்கிறதாம், ஆனால் மனிதர்கள் கழித்ததிலும் சோப்புத் தூளிலும் இருக்கிற உரச்சத்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கூடவே வெளியே வருகிறதாம். அதை எடுக்கிறவன் இத்தனை நாளும் யார் என்றால் அந்தக் கோரைதான். தண்ணீர் மெதுவாக ஊர்ந்து போகப் போக வேரும் சேறும் வேரில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் அதைத் தின்றுவிடும், மிச்சம்தான் மடுவுக்குப் போகும். நான் வேகமாக ஓட விட்டேன், உரம் அத்தனையும் நேராக மடுவுக்குப் போய்ப் பாசிக்கு விருந்து ஆகிவிட்டது. பகலில் பாசி தண்ணீருக்குள் மூச்சுக் காற்றை விடுமாம், இருட்டினதும் அதுவே இழுக்க ஆரம்பிக்குமாம், கூட்டம் அதிகமானால் விடியும்போது மீனுக்கு ஒரு மூச்சுகூட மிஞ்சாது. விருந்துக்கு வந்தவன் சாப்பாட்டோடு நிற்காமல் வீட்டுக்காரன் மூச்சையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போனான், பந்தி பரிமாறினது உன் அப்பன்.

அப்படியானால் எங்கள் தண்ணீரை விடவே கூடாதா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், முப்பத்தோரு வருஷத்தை ஒரு புட்டியில் மூடி வைத்துவிட்டாளே என்று. "அய்யோ, அப்படி இல்ல தாத்தா, வெயில் காலத்துல உங்க தண்ணி வரலேன்னா இந்தச் சதுப்பு காஞ்சு வெடிச்சிடும், பறவையும் வராது, மீனும் இருக்காது, தண்ணி வரணும், ஆனா மெதுவா வரணும்" என்றாள். அதைக் கேட்டு உயிர் வந்தது. ஆனாலும் ஐந்தாம் வகுப்புத் தலை சீக்கிரம் ஒத்துக்கொள்ளுமா, அவள் சொன்னதைப் பொய்யாக்கிவிடலாம் என்று இரண்டு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்துக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். ஒன்று பிளான்ட் வாசலிலிருந்து, இன்னொன்று என் இடுப்பு புண்ணியத்தில் வெட்டாமல் தப்பித்த இடது கிளையின் கோரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டுமே தெளிவு, இரண்டிலும் பேப்பர் படிக்கலாம். ஒன்பதாம் நாள் பிளான்ட் ஜாடியில் பேப்பர் என்ன, என் விரலே தெரியவில்லை, அவ்வளவு பச்சை. கோரை ஜாடி அப்படியே இருந்தது. உன் அம்மா பச்சை ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, இடுப்புக்குப் பூசுற தைலமா" என்று கேட்டாள், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று நாள் என் இடுப்பிலிருந்து வந்த வாசனை உனக்கு வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் இடது கிளையிலிருந்து பன்னிரண்டு கோரைக் கட்டைகளை வேரோடு எடுத்துப் பெரிய வாய்க்காலில் நட்டேன். வெட்டத் தெரிந்தவனுக்கு நடவும் தெரியும் என்று ஒரு நினைப்பு. சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, நான்தான் தண்ணீரை அவ்வளவு வேகமாக ஓட விட்டிருக்கிறேனே, அத்தனையையும் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. மடு வாயில் உன் மாமா படகில் நின்றுகொண்டு மிதந்து வந்த கட்டைகளைக் கழியால் இழுத்து ஒவ்வொன்றாக எடுத்து, வேர் காயாமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக் கரை நிழலில் அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், சேறு அப்பின என் கையைப் பார்த்தான், மறுபடியும் சாக்கை இழுத்து விட்டான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் முளைக்குச்சி அடித்து, கட்டாகக் கட்டி, வேர் பிடிக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கத் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தன்தான். பொறியாளர் தம்பியிடம் போய் மறுபடியும் நட வேண்டும் என்று சொல்லி, வெட்டச் சொன்னது நான்தான், தப்பும் என்னுடையதுதான் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். "வெட்டணும்னும் நீங்கதான் சொன்னீங்க, நடணும்னும் நீங்கதான் சொல்றீங்க, அடுத்து என்ன, சாக்கடையைத் திரும்ப உள்ள அனுப்பணுமா" என்று கேட்டார், கேட்டுவிட்டுச் சம்மதித்தார். ஆள் தருவாராம். ஆனால் உன் மாமா வந்து நின்று காட்டாமல் அந்த ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மறுபடியும் ஒரு போட்டோ வேண்டுமானால் எடுக்கலாம்.

மாமாவிடம் போய் நின்றுவிடலாம், அது பெரிசில்லை, அவன் இரண்டு கெட்ட வார்த்தை சொல்வான், அதில் ஒன்று எனக்குப் பொருந்தும். உன் அம்மாதான். என் ஒரு சொல்லுக்காகத் தம்பியை வாசலோடு அனுப்பினவளிடம் அந்தச் சொல்லே ஓட்டை என்று சொல்ல வேண்டும். அவள் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். "படிக்கலாமா, இன்னிக்கு என்ன ரெண்டு மடங்கு எழுதியிருக்கீங்க" என்கிறாள். படிக்கப் போகிறேன். இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன்.

மறுபடியும் எடுத்துவிட்டேன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நடந்தது இது. புடவை எல்லாம் பொய்தான் என்ற இடத்தில் சிரித்தாள். குறட்டை இடத்தில், "விடுறது நீங்கதான், அதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள், சேர்த்துவிட்டேன், பார்த்துக்கொள். மணமேடை மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று பொறியாளரிடம் சொன்னதைப் படித்தபோது மடித்துக்கொண்டிருந்த துண்டோடு கை நின்றுவிட்டது. நான் நிற்காமல் வேகமாகப் படித்தேன், முழங்கால் சேறு, மாற்றுத்துணி, எட்டு நாள், எல்லாவற்றையும் மென்று விழுங்குகிற மாதிரிப் படித்தேன். "நிதானமா படிங்க" என்றாள். வாளி இடத்தை நிதானமாகப் படித்தேன். வெங்காயத்தை நிதானமாகப் படித்தேன். போனில் நம்பரைத் தேடுவதைப் படித்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது என்பதால், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்போ அன்னிக்கு வாசல்ல அவன் சொன்னது அத்தனையும் நிஜமா" என்று கேட்டாள். நிஜம் என்றேன். கையிலிருந்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். மாடி வீட்டுக்காரர்கூட அந்த நேரம் பார்த்துத் துளை போடவில்லை, போட்டிருந்தால் நன்றியோடு இருந்திருப்பேன். "குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கினானே" என்றாள், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், திட்டினால் நான்கு பதில் வைத்திருந்தேன், நான்கும் நல்ல பதில். திட்டவில்லை, எழுந்துவிட்டாள். "இரு, முடியல, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, தண்ணி சோதிக்கிற பொண்ணு வருது, ஜாடி வருது, இனிமேதான் சிரிக்கிற இடமெல்லாம்" என்று தாளை ஆட்டிக்கொண்டே பின்னால் போனேன். "உங்க பொண்ணுக்கு எழுதினது, அவளுக்கே படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள், காலுக்கு அகப்பட்டதை மாட்டினாள், அது என் செருப்பு, பட்பட்டென்று அடித்துக்கொண்டு நடந்து போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் கடைப் பக்கம் திரும்புவாள், கோபம் வந்தால் அந்தப் பக்கம்தான் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை, நேராகப் போனாள், சதுப்புச் சாலைக்கு. தம்பி வீட்டுக்குத்தான்.

மேஜையில் அவளுடைய துணியெல்லாம் மடித்து அடுக்கியிருக்கிறது, என்னுடையது மட்டும் குவியலாகக் கிடக்கிறது. இப்போது நானும் போக வேண்டும், அவள் அங்கே போய் என் தப்புக்குத் தான் மன்னிப்புக் கேட்டுவிடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அவள் செருப்பைப் போட்டுப் பார்த்தேன், என் குதிகால் முழுவதும் வெளியே நிற்கிறது.

நீ இன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணாதே. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான்தான் எடுப்பேன், உன்னிடமும் திட்டு வாங்க இன்றைக்கு என்னிடம் இடம் இல்லை. நாளைக்கு மாமாவுக்குப் பண்ணு, நடவு எப்போது என்று மட்டும் கேள். பேத்திக்குப் பல் முளைக்கிறது என்றாயே, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்க விடாதே. மாப்பிள்ளை உன்னிடம் எதையாவது மடித்து வைத்திருந்தால் அன்றைக்கே பிரித்துக் காட்டச் சொல், ஐந்து வாரம் போனால் கடிதம் எட்டுப் பக்கம் ஆகிவிடுகிறது. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருத்தரோடொருத்தர் பேச்சு நிற்காமல், நிறைவாக இருக்க வேண்டும், உன் அம்மா சார்பிலும் இதை நானே சொல்லிவிடுகிறேன், அவள் மறுக்க மாட்டாள்.

இப்படிக்கு,
வெறுங்காலோடு கிளம்பிக்கொண்டிருக்கிற
உன் அப்பா